டயர் மாற்றியதற்கு எனக்கு இவ்வளவு பேச்சா?

சனிக்கிழமை ஹேங்கரில் (விமானம் நிறுத்துகிற கொட்டகையில்) நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை. என் சொந்த செஸ்னா விமானத்தின் இடதுபக்கச் சக்கர டயரை நானே மாற்றினேன். அது குற்றம் இல்லை. பத்துப் பேர் முன்னால் ஒருவர் "எஃப்.ஏ.ஏ.வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறைக்கு) தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும்" என்று மிரட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் சிறிய விமானம் ஓட்டுகிற எவரும் எஃப்.ஏ.ஏ. விதிகளின் பாகம் 43-ஐ ஒருமுறையாவது புரட்டியிருக்க வேண்டும். அதன் பின்னிணைப்பு ஏ-வில், தடுப்புப் பராமரிப்பு என்று 30-க்கும் மேற்பட்ட வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருந்து, அது தான் வைத்திருக்கிற அல்லது ஓட்டுகிற விமானமாகவும் இருந்தால், பைலட்டே செய்யலாம். விமான நிறுவனத்திலோ, கட்டணம் வாங்கி ஆளேற்றுகிற சார்ட்டர் சேவையிலோ ஓடுகிற விமானத்தில் கை வைக்க முடியாது, அது சரிதான். ஸ்பார்க் பிளக், பேட்டரி, லேண்டிங் லைட் பல்பு, சக்கரத்து பேரிங்குக்கு கிரீஸ், எல்லாம் அதில் இருக்கிறது. முதல் வேலை என்ன தெரியுமா? டயர். பட்டியலின் முதல் வரியே டயரைக் கழற்றி மாட்டுவதுதான்! இரண்டாவது வரி வரை படிக்கும் சிரமம்கூட வேண்டாம்.

"இன்று டயர், நாளை இன்ஜினையே பிரிப்பாய்" என்கிறார்கள். பிரிக்க மாட்டேன். அன்று சக்கரத்தைக் கழற்ற பிரேக்கின் பின்தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பிரேக் கட்டை தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. மாற்ற இருபது நிமிடம் ஆகாது, கையில் ஸ்பேனரும் இருந்தது. இருந்தும் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இதை யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை.

"உயிரோடு விளையாடாதே" என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சக்கரம் இரண்டு பாதியாக போல்ட்டில் நிற்பது. காற்றை முழுக்க இறக்காமல் போல்ட்டைத் தளர்த்தினால் ஆளையே அடித்துவிடும். கையேடு இல்லாமல் தொடுகிறவன் முட்டாள். அப்புறம் இன்னொரு வாதம், "நீ கம்ப்யூட்டர் ஆசாமி, உனக்கு எதற்கு ஸ்பேனர்" என்பது. இதற்கெல்லாம் பதில் கிடையாது.

முதன்முதலில் ஆயில் ஃபில்டர் மாற்றியபோது சேஃப்டி வயரைத் தப்பான பக்கம் முறுக்கிவிட்டேன். ஃபில்டர் கழலப் பார்த்தால் அதை இறுக்கிப் பிடிக்கிற பக்கமாக இழுக்க வேண்டிய கம்பி, கழல்வதற்கு வழி விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த வயதான மெக்கானிக் ஒரு வார்த்தை பேசவில்லை, கட்டரை எடுத்து வெட்டினார். மறுபடி கட்டினேன், வெட்டினார். மூன்று தடவை. நான்காவது தடவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னை மிரட்டியிருந்தால் அன்றைக்கே ஸ்பேனரைக் கீழே வைத்திருப்பேன்.

மிரட்டலால் என்ன ஆகிறது என்றால், செய்கிறவன் செய்துகொண்டுதான் இருக்கிறான், ஆனால் லாக்புக்கில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், எழுத மாட்டான். எழுதுவது என்ன பெரிய வேலை? என்ன செய்தோம், தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண், அந்த லைசென்ஸ் என்ன வகை. நாலு வரி. நான் எழுதுகிறேன், அதனால்தான் மாட்டிக்கொண்டேன்! கதவைச் சாத்திக்கொண்டு இரவோடு இரவாக பிளக் மாற்றுகிற மகான்கள் யார் என்று எனக்கும் தெரியும். அவர்களிடம் யாரும் லைசென்ஸ் பற்றிப் பேசுவதில்லை.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னை முதன்முதலாகச் சிறிய விமானத்தில் ஏற்றிப் போனவரே சனிக்கிழமை மிரட்டிய அந்த மனிதர்தான். இத்தனை வருஷமாக "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் "சார்" என்றார். "சார் இப்போ மெக்கானிக் ஆயிட்டாரு."

இன்னும் ஆறு மணி நேரம் பறந்தால் கடைசி ஆயில் மாற்றத்திலிருந்து 50 மணி ஆகிவிடும், ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். நான்தான் மாற்றப் போகிறேன். அண்ணே, ஹேங்கர் கதவு திறந்துதான் இருக்கும். லாக்புக் மேசைமேல் இருக்கும், வந்து பாருங்க.