மாணவிகளும் அறிவியல் பாடமும்: ஒரு திருத்தம்

மாணவிகள் அறிவியலில் பின்தங்குவதால்தான் அந்தப் பாடங்களை எடுப்பதில்லை என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள். தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி (OECD), பல நாடுகளில் 15 வயதினருக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வைப் பாருங்கள். அறிவியலில் உறுப்பு நாடுகளின் சராசரிப்படி, 2015-ல் மாணவர்கள் 4 புள்ளி முன்னால். 2018-ல் மாணவிகள் 2 புள்ளி முன்னால். சராசரி மதிப்பெண்ணே 490-ஐ ஒட்டி வருவதால், இரண்டுமே மிகச் சிறிய வித்தியாசம்.

அப்புறம், 2015-ல் அறிவியல் சார்ந்த வேலையை எதிர்பார்த்தவர்கள் மாணவர்களில் 25 சதவீதம், மாணவிகளில் 24. துறைதான் மாறுகிறது: மாணவிகள் மருத்துவம் பக்கம், மாணவர்கள் பொறியியல் பக்கம். இதைத் திறமைக் குறைவு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது பெரிய அநியாயம். ஓஇசிடி இணையதளத்தில் 2015, 2018 பீசா அறிக்கைகள் இரண்டும் இலவசம். மாணவர், மாணவி ஒப்பீட்டு அட்டவணைகளை மட்டும் பார்த்தால் போதும்.