கார் வயரிங்கில் சமாளிப்பு வேண்டாம்

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடுகிற பழக்கத்தை இலங்கையின் வன்னியில் நாங்கள் கைவிட வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வீட்டில் கார், வான் வைத்திருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மின்சாரம் கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினோம். ஒரு பற்றரியும் இரண்டு வயரும் இருந்தால் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற அந்தக் கெட்டித்தனம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஓடிய மொரிஸ் மைனரில் இருந்த வயரை விரல் விட்டு எண்ணலாம். இன்றைக்கு முற்றத்தில் நிற்கிற ரொயோட்டா அக்குவாவும் விற்ஸும் வேறு ரகம். அதற்குள் கணினி இருக்கிறது, மோதினால் விரிகிற காற்றுப் பை, அதாவது எயார்பாக் இருக்கிறது, ஒவ்வொரு வயருக்கும் ஒரு அளவு இருக்கிறது. அங்கே போய் எங்கள் பழைய சமாளிப்பைக் காட்ட முடியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் புதுக் கார் வாங்க வழியில்லாத சனம் இருக்கிற காரை அழகுபடுத்தியது. பெரிய திரை வைத்த பாட்டுச் செற், பின்னுக்கு வூஃபர், முன்னுக்கு எல்ஈடி பார், காலடியில் நீல லைற், கமரா. ஆசைப்படுவதில் பிழையே இல்லை. இதற்கெல்லாம் மின்சாரம் எந்த வயர் வழியாக வருகிறது என்று கேட்கிற ஆளைத்தான் காணோம்.

சிகரெட் லைற்றர் ஓட்டை என்று நாங்கள் சொல்கிற 12 வோல்ற் சொக்கெற்றை எடுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு 10 அல்லது 15 அம்பியர் பியூஸ். 10 அம்பியர் என்றால் 120 வாற். போன் சார்ஜர், கமரா, ரயருக்குக் காற்றடிக்கிற சின்னப் பம்ப் எல்லாம் அதில் ஓடும். 300 வாற் இன்வேட்டரைச் சொருகி முழுப் பாரமும் ஏற்றினால் 25 அம்பியருக்கு மேல் இழுக்கும். பியூஸ் போய்விடும். போகத்தான் வேண்டும், அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு சொக்கெற்றை மூன்றாகப் பிரிக்கிற சாமான் வாங்கிப் போட்டாலும் பின்னால் இருக்கிற வயர் அதே ஒரு வயர்தான்.

பியூஸின் நிறத்தைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு எரிந்த இடத்தில் பச்சையைச் சொருகினால் செற் பாடும், லைற் எரியும், எல்லாம் சரி போலத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை உருகப் போவது பியூஸ் இல்லை, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் போகிற மெல்லிய வயர். வெள்ளித்தாள் அதைவிட மோசம். அது எத்தனை அம்பியரில் உருகும் என்று வைத்தவருக்கே தெரியாது.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குச் சனம் ஏற்றி இறக்கிய ஒரு ஹயர் வானைப் பிறகு கராஜில் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். செற்றுக்குப் போன சிவப்பு வயரின் தோல் ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கி, உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. இணைப்பில் சுற்றிய ரேப் பசையாக இளகி, பக்கத்து வயரோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே இருந்த பஞ்சு மண்ணிறமாகக் கருகியிருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த வெள்ளித்தாள். "வரேக்க பிளாஸ்ரிக் மணம் மணத்ததுதான் அண்ணை, ஏசி மணம் எண்டு நினைச்சன்" என்றார் சாரதி. அன்றைக்கு அந்த வானுக்குள் கைக்குழந்தையும் இருந்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிவை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

லைற் விசயத்தில் எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்கு இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், தார் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். கறுத்த மாடு என்றால் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. சில இடங்களில் யானையும் ஏறும். கூடுதல் வெளிச்சம் கேட்கிறவரைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் 120 வாற் எல்ஈடி பார் தனியாக 10 அம்பியர் இழுக்கும். அதைப் பழைய லைற் சுவிச்சின் வயரிலேயே கொழுவி விடுகிறார்கள். பற்றரியில் இருந்து தனி வயர், அதற்கென்று தனிப் பியூஸ், நடுவில் ஒரு றிலே, அதாவது பாரத்தைத் தாங்குகிற தனிச் சுவிச். இவ்வளவும் இருந்தால்தான் அது வேலை. சுவிச் றிலேயை மட்டும் இயக்கும், பாரம் முழுவதும் தடித்த வயரில் போகும். 60/55 வாற் ஹெட்லைற் பல்ப் இருந்த இடத்தில் 100 வாற் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், ஹோல்டர் இளகும். எதிரே ஆள் வந்தால் பாரை அணையுங்கள். சைக்கிளில் வருகிறவருக்குக் கண் கூசி முன்னால் ஒன்றும் தெரியாது.

பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிற அம்ப் (அம்பிளிபயர்) பூட்டினால் பியூஸ் பற்றரிக்குக் கிட்ட, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அம்புக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் இடையில் கதவடியிலோ சீற்றுக்குக் கீழேயோ வயர் நசுங்கும்போது தடுக்க ஒன்றும் இல்லை. பிறகு, எலி. நெல்லுக் காலத்தில் வீட்டோடு கார் நிறுத்துகிற எங்களுக்கு எலி கடித்த வயர் புதினம் இல்லை. கிழமைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து பாருங்கள்.

பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விசயம். அக்குவாவின் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, 100 வோல்ற்றுக்கு மேல். அது குளிர்வதற்குக் காருக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கிறது, சீற்றின் கீழ்ப்பக்கத்தில் அதற்கு ஒரு கிறில் உண்டு. அதை மறைத்து அரிசி மூட்டையோ துவாயோ வைக்காதீர்கள். எங்கள் கிரவல் புழுதி அதிலே படையாக அடைக்கும், துடையுங்கள். அந்தப் பெரிய பற்றரியின் மின்சாரம் போகிற செம்மஞ்சள் நிற வயர் கண்ணில் பட்டால் யாரும் கைவைக்கக் கூடாது, செற் பூட்டுகிற தம்பிமார் உட்பட.

அடுத்தது டாஷ்போர்ட். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் ஏ9 வீதியில் போகிறவர் நாங்கள் இல்லை. காருக்குள்ளும் பிள்ளையார் வேண்டும், மாதா வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கே ஒட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. இடப்பக்க டாஷ்போர்ட்டில் எயார்பாக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுத்து இருந்தால் அந்த மூடிக்குக் கீழே பை இருக்கிறது. மோதினால் அது மணிக்கு 160 முதல் 320 கிலோமீற்றர் வேகத்தில் வெளியே வரும், கண் இமைக்க முதல் விரிந்து முடியும். மேலே ஒட்டியிருக்கிற பளிங்குச் சிலை, வாசனைப் போத்தல், போன் ஸ்ராண்ட் எல்லாம் அந்த வேகத்தோடு இடப்பக்கம் இருக்கிறவரின் முகத்துக்கு வரும். அங்கே பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் இருப்பார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தால் பையின் அடி முழுக்கப் பிள்ளைக்குத்தான். ஜப்பானில் இருந்து வந்த கார்களில் சன் வைசரில் இந்த எச்சரிக்கையைப் படத்தோடு ஒட்டியிருப்பார்கள். எழுத்து ஜப்பான் மொழி என்று நாங்கள் பார்க்காமல் விடுகிறோம். படத்தையாவது பாருங்கள். பிள்ளையாரை அந்த மூடியை விட்டு விலத்தி, தட்டையான படமாக ஒட்டலாம்.

சீற் கவரும் அப்படியே. சீற்றின் ஓரத்தில் எயார்பாக் என்று சின்னத் துணித்துண்டு தைத்திருந்தால் பக்கவாட்டுப் பை சீற்றுக்குள் இருக்கிறது. அதை முழுதாக மூடித் தைத்த கவர் போட்டால் பை வெளியே வர வழியில்லை.

சீற் பெல்ற் போடச் சொல்கிற சத்தம் வராமல் இருக்கச் சொருகுகிற வெற்றுக் கொழுக்கி ஒன்று விற்கிறார்கள். தயவுசெய்து அதைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். பெல்ற் போடாத ஆள் முன்னுக்கு வரும்போது எயார்பாக்கே அவரைக் காயப்படுத்தும்.

ஆடி, ஆவணி வெயிலில் கண்ணாடி பூட்டிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் வெளி வெப்பத்தைவிட 20 பாகைக்கு மேல் ஏறும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பவர் பாங்க், லைற்றர், ஸ்பிறே போத்தல் எதையும் டாஷ்போர்ட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஒரு நிமிசம்கூட வேண்டாம். வயலில் தண்ணீர்ப் பம்புக்குப் பெற்றோலைக் கானில் டிக்கிக்குள் வைத்துக் கொண்டு போகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழே படிந்து நிற்கும். கள்ள வயரிங்கில் ஒரு பொறி போதும்.

ஆஸ்பத்திரி வாசலில் வானை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் பூட்டி, எஞ்சினையும் ஏசியையும் போட்டுவிட்டு நித்திரை கொள்கிற சாரதி அண்ணைமாருக்கும் ஒரு வார்த்தை. சைலன்சரில் சின்ன ஓட்டை இருந்தாலே காபனோரொட்சைட் என்கிற நச்சு வாயு உள்ளுக்கு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மரநிழலில் கதவைத் திறந்துவிட்டுப் படுங்கள்.

வயரிங் செய்கிற தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பியூஸ், றிலே, நல்ல வயர் மூன்றுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். "கூட வருது, வேண்டாம்" என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்த வேலையைச் செய்து கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரும் காசு கொடுக்க முதல் "பியூஸ் எங்க போட்டிருக்கு, எத்தனை அம்பியர்?" என்று கேட்டு, கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஓடும்போது பிளாஸ்ரிக் எரிகிற மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் ஆட்களை இறக்குங்கள். பொனற்றுக்குள் இருந்து புகை வந்தால் அதை முழுதாகத் திறக்க வேண்டாம், காற்றுப் பட்டால் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்புக் கருவி ஒன்று சாரதியின் கைக்கு எட்டுகிற இடத்தில் இறுக்கிப் பூட்டியிருக்கட்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்குப் போய் அதன் மீற்றரைப் பாருங்கள், முள் பச்சையில் நிற்கிறதா என்று.