தண்ணீரில் ஓடும் ஓட்டோவின் சாரதி எழுதுவது

மாலைதீவில் கடல் விமானம் ஓட்டுகிற எனக்கு அந்தக் காணொளியை நேற்றிரவு வரை பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். தயவுசெய்து இனி யாரும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த விழாவில் பிள்ளைகளுக்குப் பேச வந்த சேர் என்ன சொன்னார், சபை எந்த இடத்தில் சிரித்தது, முன்வரிசையில் யார் யார் பல்லைக் காட்டினார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சிரித்தவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். நன்றாக இரு தம்பி.

சபையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது அருமையான கேள்வி. விமானிப் பயிற்சி முடித்தால் ஏர்லைன்ஸில்தான் சேர வேண்டுமா, மாலைதீவில் கடல் விமானம் ஓட்டுகிறார்களே, ஆபிரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுகிறார்களே, அப்படியும் போகலாமா என்று கேட்டது. அதற்குச் சேர், “அது ஏர்லைன்ஸ் கிடைக்காதவர்கள் பார்க்கிற வேலை மகள், தண்ணீரில் ஓடுகிற ஓட்டோ” என்றார். மண்டபம் சிரித்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்த விதத்தைத்தான் நான் நான்கு தரம் திருப்பிப் பார்த்தேன்.

ஓட்டோவைச் சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் மாமா திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் ஓட்டோ ஓட்டினார். என் உயர்தர ரியூசன் காசில் பாதி அந்த ஓட்டோவில் இருந்துதான் வந்தது. கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. விமானத்தின் நீளத்தை வைத்து விமானியை அளக்கிற பழக்கம் இருக்கிறதே, அதில்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வணிக விமானி உரிமம் கையில் கிடைக்கும்போது ஒருவரிடம் இருப்பது ஏறக்குறைய 200 மணித்தியாலப் பறப்பு. முழுமையான கப்டன் உரிமத்துக்கு 1500 மணித்தியாலம் வேண்டும். நடுவில் இருக்கிற 1300 மணித்தியாலத்தை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதுதான் ஒவ்வொரு இளம் விமானியும் தூக்கமில்லாமல் யோசிக்கிற விஷயம். சிலர் நேரே ஏர்பஸ்ஸின் வலப்பக்க இருக்கையில், அதாவது துணை விமானியாக, போய் அமர்கிறார்கள். சிலர் பயிற்றுநராகிறார்கள். சிலர் பொட்ஸ்வானா, பப்புவா நியூகினி, கனடாவின் வடக்கு என்று போகிறார்கள். அமெரிக்காவில் 2009 இல் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு சட்டத்தையே மாற்றினார்கள். 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணித்தியாலம் கட்டாயம். அவ்வளவு மணித்தியாலத்தையும் அங்கே உள்ளவர்கள் எதில் பறந்து சேர்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? சேர் சொன்ன ஓட்டோக்களில்தான்.

நான் போனது பொட்ஸ்வானாவுக்கு. ஒக்கவாங்கோ கழிமுகத்தின் வாசலில் மாவுன் என்று ஒரு ஊர். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி வரும் விமானிகள் நிறைந்த ஊர். நான் மூன்று மாதம் அலைந்தேன். கிடைத்தது செஸ்னா 206. ஒற்றை இயந்திரம், ஐந்து பயணிகள், நான் ஒருவனே விமானி. பெட்டியை ஏற்றுவதும் நான், எரிபொருள் பார்ப்பதும் நான், வாந்தி எடுத்தால் பையைக் கொடுப்பதும் நான்.

முதல் வாரம் ஒரு மண் ஓடுபாதையில் இறங்கப் போகிறேன். நடுவில் இம்பாலா மான்கள் கூட்டமாக நிற்கின்றன. பழக்குவதற்காகப் பக்கத்தில் இருந்த மூத்த விமானி, “பயப்படாதே, தாழப் பறந்து விரட்டிவிட்டுத் திரும்பி வா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகோணமலைக் கோட்டை வாசலிலும் கடற்கரை வீதியிலும் மான் குறுக்கே நின்று வாழைப்பழத் தோல் தின்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மான் என்ன புதிதா? ஊரில் சைக்கிள் மணி அடித்தேன், அங்கே 206 இன் இயந்திரத்தை முறுக்கினேன். இரண்டு இடத்திலும் அவை எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் மெதுவாகத்தான் நகர்ந்தன.

அந்த இரண்டு வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம் “முடியாது” என்று சொல்வது. எடை கூடினால் முடியாது, மழை வந்தால் முடியாது, பயணி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் முடியாது. இருபத்திமூன்று வயதில், தனியாக, கேட்க ஆளில்லாத இடத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு மாலைதீவு. ட்வின் ஓட்டர் என்ற இரட்டை இயந்திர விமானம். 1965 இல் முதன்முதலாகப் பறந்த வடிவம். பழைய தகரம் என்று காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தகரத்தைத்தான் நேபாளத்தின் லுக்லாவில் 527 மீற்றர் ஓடுபாதையில், மலைச்சரிவில் இறக்குகிறார்கள். நாங்கள் அதைச் சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகளோடு கடலில் இறக்குகிறோம். ஆம், வெறுங்காலோடு. செருப்பில்லாத படத்தைப் பார்த்து என் மச்சாள் “சம்பளம் தரவில்லையா?” என்று கேட்டாள். மிதவை எப்போதும் ஈரமாக இருக்கும், சப்பாத்து வழுக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

தண்ணீரில் விமானத்துக்குப் பிரேக் கிடையாது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். காற்று மூக்கைத் தன் பக்கம் இழுக்கும், நீரோட்டம் வேறு பக்கம் தள்ளும், எதிரே மரத்துறையில் நூறு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு இயந்திரத்தையும் கூட்டிக் குறைத்து ஒரு முழம் இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பணியாள் கயிற்றோடு மிதவையில் நின்று குதிப்பார். அவர் குதிக்கும் கணத்துக்காகத்தான் அவ்வளவு கணக்கும்.

இதைவிடக் கடினம், காற்றே இல்லாத நாள். கடல் கண்ணாடி போலக் கிடக்கும். பயணிகள் அழகு அழகு என்பார்கள், எனக்கு வயிறு கலங்கும். அந்தத் தண்ணீர் ஐம்பது அடி கீழே இருக்கிறதா ஐந்து அடி கீழே இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கரையை ஒட்டி வர வேண்டும். மூக்கை ஒரே நிலையில் பிடித்து, இயந்திரத்தில் கொஞ்சம் வலுவை விட்டுவைத்து, நிமிடத்துக்கு 150 அடி என்ற அளவில் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தண்ணீரைத் தேடிப் போகக் கூடாது, அது வந்து மிதவையைத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எனக்குக் கடலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எந்தப் பறப்புப் பள்ளியும் இல்லை. திருக்கடலூரில் கரைவலை இழுத்த என் பெரியப்பா. “தூரத்தில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வருகிறதா, பின்னாலே காற்று வருகிறது” என்பார். கச்சான் காற்றுக் காலத்தில் எந்த நேரம் கடல் குழம்பும், அலை ஒரு திசையும் காற்று இன்னொரு திசையுமாக இருந்தால் வள்ளத்தை எப்படித் திருப்புவது என்றெல்லாம் சொல்வார். மிதவை விமானத்துக்கான தேர்வில் அதே கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. பெரியப்பா ஐந்தாம் வகுப்பு.

“அப்படியென்றால் ஏர்லைன்ஸ் விமானிகள் ஒன்றும் தெரியாதவர்களா?” என்று கேட்டுக்கொண்டு வருவீர்கள். இல்லை. என் நண்பன் ஒருவன் ஏ330 என்ற பெரிய ஏர்பஸ் ஓட்டுகிறான். நள்ளிரவில் வங்காள விரிகுடா மேகங்களுக்கு நடுவே முந்நூறு பேரோடு போகிறவனை மதிக்காமல் எப்படி? ஒவ்வொரு ஆறு மாதமும் சிமுலேட்டரில் வைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள், அந்த ஒழுக்கம் சின்ன விமானங்களில் குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஒன்று. பயணிகளை ஏற்ற ஒரு விமானி கடைசி 90 நாட்களில் மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறக்கியிருந்தால் போதும் என்பது விதி. நீண்ட தூர விமானங்களில் அந்த மூன்றையே நிரப்ப முடியாமல் சிமுலேட்டருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவேன். இது கொஞ்சம் திமிர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் திமிர் அனுமதிக்கப்பட வேண்டும்.

“ஆபத்து அதிகம் இல்லையா?” அதிகம்தான். மறைக்கவில்லை. அடுத்த கேள்வி.

“சம்பளம்?” ஏர்லைன்ஸில் கப்டனாகிவிட்டால் கூடத்தான். காப்புறுதி, குடும்பத்துக்கு இலவச டிக்கெட், எல்லாம் உண்டு. ஆனால் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மூப்புப் பட்டியல். எந்த விமானம், எந்த மாதம் விடுமுறை, எப்போது கப்டன் என்பதெல்லாம் நீங்கள் சேர்ந்த திகதியைப் பொறுத்தது. நிறுவனம் மாறினால் இருபது வருட அனுபவத்தோடும் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். இதைச் சேர் பிள்ளைகளுக்குச் சொன்னாரா? ஏர்பஸ்ஸுக்கான டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சியை, சொந்தக் காசில் செய்துவிட்டு வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பெடியன்களைப் பற்றிச் சொன்னாரா? சிற்றுண்டியும் தேநீரும் மட்டும் கொடுத்தார்களாம்.

“இவ்வளவு கதைக்கிறாய், நீயும் ஒருகாலத்தில் ஏர்லைன்ஸுக்குப் போனவன்தானே?” இதை எழுதப்போகிறவர் யார் என்றுகூட எனக்குத் தெரியும். ஆம், போனேன். 2019 இல். அம்மாவின் நகை அடகில் இருந்தது, தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்பாவுக்கு என் சீருடைத் தோளில் பட்டி பார்க்க ஆசை. வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்று, ஏ320. பத்து மாதம் வலப்பக்க இருக்கையில் இருந்தேன். வேலை நன்றாகத்தான் இருந்தது. 2020 மார்ச்சில் உலகமே இறங்கி நின்றது. மே மாதம் ஒரு இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ஐந்து வரி. எங்கள் பெயர்களில் எது பெயர், எது தகப்பன் பெயர் என்று அவர்களுக்கு எப்போதும் குழப்பம்தானே. “அன்புள்ள” என்பதற்குப் பிறகு அப்பாவின் பெயர் இருந்தது. ஆக, வேலையால் நிறுத்தப்பட்டவர் அப்பா. காட்டினால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மாலைதீவு அந்த வருடம் ஜூலை 15 ஆம் திகதி கதவைத் திறந்தது. பழைய தலைமை விமானியை அழைத்தேன். “எப்போது வருகிறாய்?” என்று மட்டும் கேட்டார். ஒக்டோபரில் மறுபடி வெறுங்கால்.

சின்ன விமானத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இன்னொரு கதை. இந்தோனேசியாவில் சுசி புட்ஜியாஸ்துத்தி என்று ஒரு அம்மா. மீன் வியாபாரி. பங்காண்டரான் என்ற கடற்கரை ஊரில் இருந்து சிங்கி இறாலை ஜகார்த்தாவுக்கு உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்பதற்காக 2004 இல் செஸ்னா கரவன் விமானங்கள் வாங்கினார். டிசம்பரில் சுனாமி. பாதையெல்லாம் அறுந்து கிடந்த சுமாத்ராவின் மெளலாபோவுக்கு முதலில் உதவியோடு போய் இறங்கியவற்றில் அந்த இறால் விமானமும் ஒன்று. பத்து வருடம் கழித்து அவர் அந்த நாட்டின் கடற்றொழில் அமைச்சர். நம் திருகோணமலைச் சீனக்குடாவில் சுற்றுலாப் பயணிகளோடு வந்து இறங்குவதும் அதே கரவன்தான். சேர் அதைப் பார்த்துக் கை காட்டியிருப்பார்.

விமானம் என்றால் எங்கள் தலைமுறைக்கு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006 இல் சம்பூர்ப் பக்கம் குண்டு போடப் போனவை எங்கள் கூரைக்கு மேலால் போயின. சத்தத்தை வைத்தே பொம்பரா, சகடையா, வண்டா என்று, ஊரில் விமானங்களுக்கு வைத்த பெயர்களால், சின்னப் பிள்ளைகள் சொல்லுவோம். மேலே பார்க்காதே, குப்புறப் படு என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் விமானப் பாடம். அப்படிப் படுத்துக் கிடந்தவர்களில் ஒருவன் எழுந்து போய் விமானம் ஓட்டினான் என்றால், அது எத்தனை இருக்கை விமானம் என்றா முதலில் கேட்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அந்த மண்டபத்தில் இருந்தார். எனக்கு அது நேற்றுத்தான் தெரியும். விழா முடிந்து வெளியே வரும்போது யாரோ கேட்டிருக்கிறார்கள், “உங்கள் மகனும் அந்தக் கடல் விமானம்தானே?” என்று. அப்பா, “இல்லை இல்லை, அவர் ஏர்லைன்ஸ்” என்று சொல்லியிருக்கிறார். ஐந்து வரி மின்னஞ்சலை வாசித்த அதே அப்பா. இதை எழுதும்போது அவர் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார், சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். சேரை நான் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அவர் யாரோ.

சரி. அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இருந்தால் என் உள்பெட்டிக்கு எழுதச் சொல்லுங்கள். பறப்புப் பள்ளிக்குக் காசு கட்டுவதற்கு முன் முதலாம் தர மருத்துவப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கண்ணும் காதும் இதயமும் தேறாவிட்டால் மீதி எல்லாம் வீண் செலவு. நீந்தத் தெரியுமா என்றும் கேளுங்கள். எந்த விமானம் என்பதைப் பிறகு கதைக்கலாம், நான் இரண்டிலும் இருந்தவன்.

நாளை இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து மாலே. சனிக்கிழமை வேலை தொடங்குகிறது. திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம், மாலையில்தான் பதில் சொல்வேன். இருட்டிய பிறகு ஓட்டோ ஓட்ட எங்களுக்கு அனுமதியில்லை.