முன்நிரப்பிய படிவத்தை அப்படியே நம்பலாமா?

ஆடிட்டரே தேவையில்லை, வருமான வரித் துறை விவரங்களை முன்கூட்டியே நிரப்பித் தரும் படிவத்தைக் கொண்டு மென்பொருளே வருமான வரிக் கணக்கை முடித்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சம்பளக்காரர்களுக்கு இது பெரும்பாலும் சரியே. நானும் அப்பாவின் ஓய்வூதியக் கணக்கை அப்படித்தான் தாக்கல் செய்கிறேன். ஆனால், சென்ற ஆண்டு முன்நிரப்பப்பட்டு வந்த படிவத்தில் கூட்டுறவு வங்கி வைப்புநிதிக்கு அவர் பெற்ற 8,640 ரூபாய் வட்டி இல்லவே இல்லை. பாஸ்புக்கை விரித்து வைத்து, வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையுடன் (ஏஐஎஸ்) வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. மேலும், 2023-24 நிதியாண்டிலிருந்து பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய வரிமுறையே இயல்பாகத் தேர்வாகியிருக்கும் என்பதால், வீட்டுக்கடன் வட்டியோ 80சி பிரிவில் கழிவு பெறும் சேமிப்போ உள்ளவர்கள் பழைய, புதிய இரண்டு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க மறந்தால் (என் தம்பி மறந்தான்), பிறகு சரிபார்க்கும் நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். தாமதக் கட்டணமும் வரலாம்.