தூங்கியது பொறியாளர்கள் அல்ல

சனிக்கிழமை நண்பர் வீட்டில் நடந்ததை வந்திருந்தவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "அமிகா கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் 1985-ல் ஒருமுறை சாதித்துவிட்டு ஏழு வருடம் தூங்கிவிட்டார்கள்" என்று அந்தத் தம்பி சொன்னதும், எல்லோரும் சிரித்ததும், நான் எழுந்து பால்கனிக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். அங்கேயே பதில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும் என்று பயந்தேன். இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தூங்கியது பொறியாளர்கள் அல்ல. அமிகாவைத் தயாரித்து விற்ற கொமடோர் நிறுவனத்தின் நிர்வாகம் ஆராய்ச்சிக்குத் தேவையான பணத்தையும் ஆட்களையும் கொடுக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

அமிகாவை வடிவமைத்த ஜே மைனரும் அவருடைய குழுவும் 1985-ல் கொடுத்தது என்ன? 4096 நிறங்கள், நான்கு தடங்களில் ஸ்டீரியோ ஒலி, ஒரே நேரத்தில் பல நிரல்கள். ஐபிஎம் பிசி 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்த காலம் அது. மேகின்டாஷ் திரையில் கறுப்பும் வெள்ளையும்தான். இப்படி ஒரு முன்னிலை கையில் கிடைத்த நிறுவனம் அடுத்த சிப்புக்கு அன்றே முதலீடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 1987-ல் ஐபிஎம் தன் பிசிக்கு விஜிஏ என்ற புதிய வண்ணத் திரை முறையைக் கொண்டுவந்தது. 1990-ல் வந்த அமிகா 3000-ல் பிராசசர் புதியது. நிறங்களோ அதே 4096. ஏஜிஏ என்ற புதிய வரைகலைச் சிப்புகள் பொருத்திய மாதிரி இயந்திரம் 1991-லேயே வேலை செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியது யார்? சால்டரிங் கம்பி பிடித்தவரா? கடைக்கு ஏஜிஏ வந்தபோது 1992 முடியப் போகிறது.

அதிலும் ஒலிக்கு அதே பழைய பௌலா சிப். பிளாப்பி டிரைவின் தரவை வாங்குவதும் அதுதான். அமிகா 4000-ல் 1.76 எம்பி பிளாப்பி டிரைவ் வைத்தார்கள். அந்த வேகத்தில் வரும் தரவைப் பௌலாவால் வாங்க முடியாது. புதிய சிப் இல்லை, எனவே டிரைவின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு பொறியாளர் இதை எப்படிப்பட்ட மனதோடு செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கொமடோரிடம் சொந்தமாகவே சிப் ஆலை இருந்தது. அதைப் புதுப்பிக்காததால், ஏஜிஏ-வின் லிசா சிப்பைச் செய்ய எச்பியிடம் போக வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைச் சிப்புகளுக்காக 1988-ல் தொடங்கிய ஏஏஏ திட்டம் நிறுவனம் மூடும்வரை மாதிரிப் போர்டைத் தாண்டவில்லை. ஆனால் 1982-ல் வந்த கொமடோர் 64-ஐ 1994 வரை விற்றார்கள். விற்கட்டும், நல்ல இயந்திரம். அந்த வருமானம் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டாமா?

நான் 1990-ல் ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் பழைய அமிகா 500 ஒன்று வாங்கினேன். சுவிட்சைப் போட்டால் வெள்ளைத் திரையில் பிளாப்பியைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். டிரைவில் வட்டு இல்லாவிட்டால் சில விநாடிக்கொருமுறை 'டிக்' என்று கேட்கும். ஒரே அறையில் படுத்திருந்த அண்ணன், "அதை நிறுத்தடா, விடிய வேலைக்குப் போக வேண்டும்" என்பார். எனக்கு அந்தச் சத்தம் யாரோ துணைக்கு இருப்பதுபோல. மின்னணுத் தொழிலுக்கு நான் வந்ததே அந்தப் பெட்டியால்தான்.

1993 டிசம்பரில் டூம் என்ற விளையாட்டு வந்தது. நண்பன் வீட்டு 486 பிசியில் அதைப் பார்த்துவிட்டு, வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. பிசியில் திரையின் ஒரு புள்ளிக்கு மெமரியில் ஒரு பைட், எழுதினால் முடிந்தது. அமிகாவில் 256 நிறம் வேண்டுமென்றால் ஒரே புள்ளிக்காக எட்டு இடங்களில் தொட வேண்டும். 1985-ல் மெமரியை மிச்சப்படுத்திய புத்திசாலித்தனமே 1993-ல் காலைக் கட்டியது. மாற்றத் தெரியாமல் இல்லை, மாற்ற விடவில்லை.

"மென்பொருள் கள்ளப் பிரதிதான் அமிகாவைக் கொன்றது" என்பீர்கள். பிசியில் கள்ளப் பிரதி இல்லையா? அதை விடுங்கள். "மென்பொருள்கள் சிப்பை நேரடியாகத் தொட்டதால் மாற்றுவது கடினம்" என்று ஒருவர் சொன்னார். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கடினமான வேலைக்குத்தானே அதிக ஆளும் பணமும் வேண்டும்? "பிசி வெள்ளத்தில் யார் வந்தாலும் அடித்துக்கொண்டு போயிருக்கும்" என்பதும் இருக்கலாம். நீந்திப் பார்த்துத் தோற்றிருந்தால் நான் இன்று எழுதவே மாட்டேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். பெயர் வேண்டாம், நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில் எங்கள் கட்டுப்பாட்டுப் போர்டைப் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டேன். பழைய பாகங்கள் சந்தையில் கிடைப்பது நின்றுகொண்டிருந்தது. "விற்கிறதுதானே, பிறகு பார்க்கலாம்" என்பதே ஒவ்வொரு முறையும் பதில். வாடிக்கையாளர்கள் போன பிறகு எல்லோரையும் கூட்டிவைத்து, "தொழில்நுட்பப் பிரிவு விழிப்பாக இல்லை" என்றார் முதலாளி. நான் தலைகுனிந்து நின்றேன். அன்றும் யாரோ சிரித்தார்கள்.

கொமடோர் 1994 ஏப்ரல் 29-ல் மூடுவதாக அறிவித்தது. ஜூன் 20-ல் ஜே மைனர் இறந்துபோனார். இரண்டு மாதம்கூட இல்லை. அவரைச் சேர்ந்தவர்களைத்தான் தூங்கிவிட்டார்கள் என்கிறீர்கள்.

தம்பி, உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன், என் அமிகா 1000-ன் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு. அதன் உட்பக்கத்தில் செய்தவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் அச்சாகியிருக்கிறது. மைனரின் நாய் மிட்சியின் பாதத் தடம்கூட இருக்கிறது. கையில் வாங்கி ஒவ்வொரு பெயராகப் படியுங்கள்.