ஒற்றை ஷூவோடு போன தாத்தா

'டாக்டர் ஹூ' தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: 2005-லிருந்து பாருங்கள், அதற்கு முந்தையதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள், நான்காவது டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஃப்ளரைக் காட்டி, 1974 வரை போகலாம் என்பார்கள். 1963-க்கே போங்கள் என்று சொல்லும் ஆளை நான் இதுவரை கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிபிசியின் தொடர். 'டாக்டர்' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாத வேற்றுக்கிரகத்துக்காரர் ஒருவர், வெளியிலிருந்து பார்த்தால் நீல நிற போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலத் தெரியும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்தையும் விண்வெளியையும் சுற்றுகிறார். சாகும் நிலை வந்தால் உடலும் முகமும் மாறிப் புது ஆளாக எழுந்துகொள்வார். அதாவது, நடிகரை மாற்றிக்கொள்ளலாம். 1989-ல் நின்றுபோன தொடர், நடுவில் 1996-ல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் நீங்கலாகப் பதினாறு ஆண்டுகள் படுத்துக் கிடந்த பிறகும் எழுந்து ஓடியதற்கு இந்த ஒரு வசதிதான் காரணம்.

இதன் ரசிகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் டாக்டர் யார்? சின்ன வயதில் யாரை முதலில் பார்த்தீர்களோ அவரே உங்கள் டாக்டர் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி முதலாமவர் வில்லியம் ஹார்ட்னலையும் இரண்டாமவர் பேட்ரிக் ட்ரவுட்டனையும் இன்று எழுபதை ஒட்டிய வயதில் இருக்கும் பிரிட்டிஷ்காரர்கள் மட்டும்தான் கொண்டாட வேண்டும். எனக்கு ஹார்ட்னல் கிடைத்தது முப்பத்திரண்டு வயதில், நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த டிவிடியில். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பழைய நினைவுகளின் ஏக்கம் என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். எனக்கு அங்கே நினைவே கிடையாது, எதை நினைத்து ஏங்குவது?

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் கதையில், கற்காலத்தில் மாட்டிக்கொண்டு தப்பி ஓடும்போது, அடிபட்டுக் கிடக்கும் ஒருவனால் தாமதமாகிறது என்று டாக்டர் ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். இயன் என்ற பள்ளி ஆசிரியர் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கிறார். அப்போது கதாநாயகர் இயன்தான். டாக்டர் சுயநலம் பிடித்த, எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் கிழவர். இயனும் பார்பராவும், அதாவது இரண்டு சாதாரண வாத்தியார்கள், வாரா வாரம் கூடவே இருந்து அவரை மனிதராக்குகிறார்கள். பின்னால் வந்த டாக்டர்கள் எல்லாருக்கும் நல்ல மனசு பிதுரார்ஜிதச் சொத்தாகக் கிடைத்தது. சம்பாதித்தது ஹார்ட்னல், அதுவும் நம் கண் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாக. அவர்மேல் இத்தனை பேருக்கு ஒட்டுதல் வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

அவர் அதுவரை திரையில் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தவர். சார்ஜென்ட் வேடம் என்றால் ஹார்ட்னலைக் கூப்பிடு என்கிற நிலை. 55 வயதில், 'விண்வெளியில் சுற்றும் தாத்தாவாக நடிக்கிறீர்களா' என்று வந்து கேட்டவர்களோ, 27 வயதுப் பெண் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் லக்னோவில் பிறந்த 24 வயது இயக்குநர் வாரிஸ் ஹுசைனும். மதிய உணவுக்கு அழைத்துப் போய்ப் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கினார்கள். முதல் அத்தியாயம் ஒளிபரப்பான நாள் 1963 நவம்பர் 23. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் மாலை. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் முதலாவதை இன்னொரு முறை போட வேண்டியிருந்தது. அப்புறம் இரும்புக் கவசத்துக்குள் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரக வில்லன்களான டாலெக்குகள் வந்தன, நாடு முழுவதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவருடைய உளறல்களுக்கு வருகிறேன். ஒரு காட்சியில், விண்வெளியில், அதாவது 'ஸ்பேஸில்', கரிக்கட்டையாகப் பறந்துகொண்டிருப்பீர்கள் என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில், 'ஸ்பெயினில்' என்று சொல்லிவிட்டு, முகம் கோணாமல் தானே திருத்திக்கொள்கிறார். ரசிகர்கள் இதற்கு 'பில்லி ஃபிளஃப்' (பில்லி என்றால் வில்லியம், ஃபிளஃப் என்றால் வசனத் தடுமாற்றம்) என்று செல்லப் பெயர் வைத்துத் தொகுத்தே வைத்திருக்கிறார்கள். கேலி செய்கிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யட்டும். வாரம் ஒரு அத்தியாயம், ஆண்டில் நாற்பது வாரங்களை ஒட்டி, தொடக்கத்தில் லைம் குரோவ் என்ற குறுகலான பழைய ஸ்டுடியோவில், கிட்டத்தட்ட நாடகம் போல ஒரே ஓட்டமாகப் படம் பிடித்தார்கள். டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடிக்கும் வேலை, அதனால் சின்னத் தவறு அப்படியே போகும். மூன்று ஆண்டுகளில் 134 அத்தியாயங்கள். போதாததற்கு, ரத்தக்குழாய்கள் தடித்துப்போகும் நோய் அவருடைய நினைவாற்றலை அரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டார்டிஸின் கட்டுப்பாட்டு மேசையில் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று அவர் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். கதவைத் திறக்கும் சுவிட்ச் என்றால் எல்லா வாரமும் அதேதான். மாற்றினால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. வசனம் மறந்தவர் சுவிட்சை மறக்கவில்லை.

அவரைச் சாமியாக்கவும் எனக்கு உத்தேசமில்லை. கூட நடித்தவர்கள் சிலரே அவருடைய இனத் துவேஷப் பேச்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். முன்கோபி. வேடம் கைவிட்டுப் போன சில மாதங்களில், 1967-ன் தொடக்கத்தில், இங்கிலாந்தின் டான்டன் நகரில் பாண்டோமைம் என்ற, கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்காகப் போடும் பாட்டும் கேலியுமான நாடகம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தபோது எடுத்த சின்னத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. ஒப்பனை அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த மாதிரி நாடகம் எனக்கானதல்ல என்று விறைப்பாகப் பேசுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் ஏதோ உறவினர் வீட்டுச் சண்டையைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அவருக்குப் பிறகு வந்த ட்ரவுட்டனின் நிலைமை இன்னும் மோசம். ஊரே ஒரு முகத்தை டாக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, தொளதொள கால்சட்டையும் ரெக்கார்டர் குழலுமாக வந்து நின்று, நான்தான் அவர் என்று சொல்ல வேண்டும். முன்னுதாரணமே கிடையாது. அவர் தோற்றிருந்தால் தொடர் அத்தோடு முடிந்திருக்கும், இன்று யாரும் 2005-லிருந்து பாருங்கள் என்று உபதேசம் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரின் முதல் கதையில் ஆறு அத்தியாயங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிபிசி பழைய டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளையும் எழுபதுகள் வரை தூக்கிப் போட்டது. மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. டேப்போ விலை அதிகம். காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் அன்று வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த சில பையன்கள் சனிக்கிழமை தோறும் ஒலியைப் பதிந்து வைத்தார்கள். அவர்கள் தயவில், படம் காணாமல் போன எல்லா அத்தியாயங்களுக்கும் இன்று ஒலி இருக்கிறது. ஹார்ட்னல் தரையில் சரிந்து ட்ரவுட்டனாக மாறும் அந்த 1966 அக்டோபர் 29 அத்தியாயமும் காணாமல் போனதுதான். முகம் மாறும் சில நொடிகள் மட்டும், 1973-ல் 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் போட்டுக் காட்டியதால் தப்பித்தன. 2013-ல் நைஜீரியாவிலிருந்து ட்ரவுட்டனின் ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அதன் பிறகும் அப்போது பாக்கி இருந்தவை 97. அன்று நான் அலுவலகத்தில் வேலை செய்யவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ட்ரவுட்டனைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். ஹாங்காங்கிலிருந்து மீண்டு, 1992-ல் கேசட்டாக வெளிவந்த, உடம்பை இயந்திரமாக்கிக்கொண்ட சைபர்மேன்களின் கல்லறைக் கதை. இரவில் எல்லாரும் தூங்குகிறார்கள். அண்மையில் அப்பாவை இழந்த விக்டோரியா என்ற பெண், உங்கள் குடும்பத்தாரை உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று டாக்டரைக் கேட்கிறாள். அதுவரை கோமாளித்தனம் செய்துகொண்டிருந்த அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, நினைக்க வேண்டும் என்று விரும்பும்போது அவர்கள் வருவார்கள், மற்ற நேரம் மனதுக்குள் உறங்குவார்கள், உனக்கும் அப்படி ஆகும் என்கிறார். இசை இல்லை, கண்ணீர் இல்லை. பதினோராவது டாக்டரான மேட் ஸ்மித், இந்தக் கதையைப் பார்த்துத்தான் தன் வேடத்துக்கு 'போ டை' கேட்டு வாங்கினார். அவர் எடுத்துக்கொண்டது டை மட்டுமில்லை என்பது அவர் நடிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் கோபம் 2017 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தின்மேல். ஹார்ட்னலின் வேடத்தில் டேவிட் பிராட்லி. நல்ல நடிகர், குறை சொல்ல முடியாது. எழுதியிருந்த விதம்தான் பொறுக்கவில்லை. பெண்கள் என்றால் தூசு தட்டத்தானே என்கிற ரீதியில் பேசும் பத்தாம்பசலிக் கிழவராக முதல் டாக்டரை ஆக்கி, புதிய டாக்டர் பக்கத்தில் நின்று கூச்சத்தில் நெளிவதாக நகைச்சுவை செய்திருந்தார்கள். அந்தக் கால வசனங்களில் இன்று உறுத்துபவை இருக்கின்றன, மறுக்கவில்லை. பேத்தியைப் பின்புறத்தில் அடி வேண்டுமா என்று மிரட்டிய வசனம் 1964-ல் உண்மையிலேயே உண்டு. அதே ஆண்டு அதே கதையின் கடைசிக் காட்சியும் உண்டே, அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

போன ஆண்டு மே மாதத்தில், 2025-ன் ஓர் அத்தியாயத்தை அக்காள் மகனோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது. நடுவில் சில நொடிகள் ஒரு மூதாட்டி வந்து போனார். யார் மாமா இந்தப் பாட்டி என்று கேட்டான். நான் நிறுத்திவிட்டு 1964 டிசம்பர் 26-ஐத் தேடி எடுத்தேன். அந்தப் பாட்டி கரோல் ஆன் ஃபோர்ட். டாக்டரின் பேத்தி சூசன்.

டாலெக்குகளை விரட்டியாகிவிட்டது. இடிந்து கிடக்கும் லண்டன். சூசனின் ஷூவில் ஓட்டை. தாத்தா அதைக் கழற்றி வாங்கிப் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்ய வேண்டும் என்று உள்ளே எடுத்துப் போகிறார். டேவிட் என்ற இளைஞன் தன்னோடு இருந்துவிடச் சொல்லிக் கேட்கிறான். அவளுக்கும் ஆசைதான், ஆனால் தாத்தாவை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று அழுகிறாள். அவர் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவைப் பூட்டிவிடுகிறார். அவள் வெளியே, இவர் உள்ளே, ஒலிபெருக்கி வழியாகப் பேசுகிறார். ஒருநாள் திரும்பி வருவேன் என்கிறார். பெட்டி மறைந்துபோகிறது. டார்டிஸின் சாவி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. ஒரு கால் வெறுங்காலாக, டேவிடின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

ஹார்ட்னல் கடைசியாக அந்த வேடத்தில் தோன்றியது பத்தாம் ஆண்டுச் சிறப்புக் கதையில், 1972 முடிந்து 1973 தொடங்கும் வாரங்களில். நிற்கக்கூட முடியாத உடம்பு. நாற்காலியில் உட்கார வைத்து, அட்டையில் எழுதிய வசனத்தைக் காட்டிப் பேச வைத்தார்கள். அதில் சூசன் இல்லை. 1975 ஏப்ரலில் இறந்துபோனார், 67 வயதில்.

இதையெல்லாம் நான் பையனிடம் சொல்லவில்லை. அவனுடைய கேள்வியே வேறு.

"அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்தாரா மாமா?"

"இல்லை."

"அவரிடமே இருக்கிறதா?"

"இருக்கும்."

அடுத்ததைப் போடச் சொன்னான். போட்டேன். புது இடத்தில் டார்டிஸ் இறங்குகிறது. டாக்டர் பழக்கதோஷத்தில், கதவைத் திற சூசன் என்கிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் பார்பரா, எப்படித் திறப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறாள்.