நம்மாளுதானே என்று ஃபில்டர் போடாமல் விடாதீர்கள்

பெருந்துறைப் பக்கம் ஒரு சின்ன இணைய சேவை நிறுவனத்தில் ரூட்டர் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் தினமும் காதில் விழுவது: "நம்மாளுதானுங்க, லைனை ஏத்தி விடுங்க, ஃபில்டர் அப்புறம் போட்டுக்கலாம்." வாடிக்கையாளர் சொல்லும் வழிகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று ரூட்டரில் எழுதி வைப்பதுதான் ஃபில்டர்.

அப்படி ஏற்றிவிட்ட ஒரு பனியன் கம்பெனி. அவர்களுக்கு வேறொரு நிறுவனத்திடமும் லைன் உண்டு, இரண்டிலும் பிஜிபி, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை. எங்களிடம் அவர்கள் அறிவிக்க வேண்டியது 2 ரூட், தங்கள் சொந்த முகவரிகளுக்கான வழி மட்டும். ஒரு நாள் இரவு 11 மணிக்கு ஃபோன் மேல் ஃபோன். ஈரோட்டிலிருந்து கோபி வரை நெட் நகரவே இல்லை. ரூட்டரைத் திறந்து பார்த்தால், அந்தக் கம்பெனிக்கு நேராக 2 இருக்க வேண்டிய இடத்தில் 9 லட்சத்துச் சொச்சம்! அந்த இன்னொரு லைனில் வாங்கிய மொத்த இணைய ரூட்டையும் எங்களிடம் கொட்டியிருந்தார்கள். வாடிக்கையாளர் சொல்லும் வழிக்குத்தான் ரூட்டரில் முதலிடம் கொடுத்து வைப்போம். ஆக, எங்கள் டிராஃபிக் முழுக்க அவர்களுடைய 100 எம்பிபிஎஸ் லைனுக்குள் போய் முட்டியது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணியை ஒரு கொப்பு வாய்க்காலில் திருப்பிவிட்ட கதைதான்.

தப்பு அவர்கள் மேல் என்றார்கள் எல்லோரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கான்ஃபிகரேஷனில் ஒரு வரி அழிந்துபோவது எந்த ஊரிலும் நடக்கும். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது நாங்கள்.

2008 பிப்ரவரி 24 அன்றும் இதேதான். உள்நாட்டில் யூடியூபை முடக்க பாகிஸ்தான் டெலிகாம் எழுதிய ரூட் வெளியே கசிந்தது. அதை வடிகட்டாமல் உலகத்துக்கே அனுப்பியது அவர்களுக்கு மேலே லைன் கொடுத்த ஹாங்காங் நிறுவனம் பிசிசிடபிள்யூ. சுமார் 2 மணி நேரம் யூடியூப் தடுமாறியது.

"ஆர்பிகேஐ போட்டாச்சு, போதும்" என்கிறார்கள் இப்போது. அது கட்டாயம் வேண்டும், ஆனால் போதாது. ஒரு முகவரியை அறிவிக்கும் ஏஎஸ் எண்ணுக்கு (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) அதற்கு உரிமை உண்டா என்று மட்டும்தான் அது பார்க்கும். எங்களுக்கு வந்த 9 லட்சத்தில் உரிமையாளர் எண்ணில் பிசகில்லை, வந்த வழிதான் தப்பு.

இப்போதெல்லாம் ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் (ஏற்கும் முகவரிகளின் பட்டியல்) எழுதி, மேக்ஸ் ப்ரிஃபிக்ஸ் (ரூட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு) 10 என்று வைத்த பிறகே செஷனை, அதாவது அவர்களோடு பிஜிபி இணைப்பை, ஏற்றுகிறேன். 10ஐத் தாண்டினால் செஷன் தானாக விழும். அந்த ஒரு கம்பெனி நிற்கும், ஊர் நிற்காது.

போன வாரம் சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு கேபிள்கார அண்ணன் புதிதாக ஏஎஸ் எண் வாங்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்க தம்பி, என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றார். "உங்க மேல இருக்குதுங்கண்ணா. நாளைக்கு உங்க ரூட்டர்ல யார் கை வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்று பக்கத்தில் உட்காரவைத்து ஃபில்டருக்கு எழுதும் நாலு வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், தன்னிடம் லைன் எடுப்பவர்களுக்கும் போட வேண்டும் என்று அதை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.